ஆறு வகைப் படையும் ஏழாவது ஒன்றும்

திருக்குறளில் படைமாட்சி என்றோர் அதிகாரம் இருப்பது மலர் வாசகர்கள் அறிந்ததே. அதற்கு உரை சொல்லும் பரிமேலழகர் படையை ஆறு வகையாகப் பிரித்துத் தருகிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. வழிவழியாக அரசனோடு இருந்து வருவது மூலப்படை. சம்பளத்துக்கு வந்தது கூலிப்படை. நாட்டு மக்களிலிருந்து திரட்டியது நாட்டுப்படை. காடும் மலையும் வழித்தடமும் அறிந்தவர் காட்டுப்படை. நட்பரசன் அனுப்பி வைப்பது துணைப்படை. பகைவனைவிட்டுப் பிரிந்து நம்மிடம் வந்து சேர்ந்தது பகைப்படை. ஏறக்குறைய இதே ஆறும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் உண்டு. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தியும் அவர் சொல்லியிருக்கிறார்.

கௌடில்யர் என்றால் தில்லித் தமிழருக்கு நூலைவிட முதலில் சாலைதான் ஞாபகத்துக்கு வரும். நம் மோதி பாகிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சாணக்யபுரி கௌடில்ய மார்க். தமிழ்நாடு இல்லம் என்று நாம் பல காலமாக அறிந்த இடமும், இலங்கைத் தூதரகமும் அந்த ஒரே சாலையில்தான். இந்தக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

பொருள் இதுதான். வெளியே கட்சி என்று பெயர்ப்பலகை. உள்ளே துப்பாக்கி. அந்தத் துப்பாக்கி உள்நாட்டுப் போரில் அரசாங்கத்தின் பக்கம் நின்று சுடுகிறது. இலங்கைத் தமிழரிடையே 1987 முதல் 2009 வரை இது திரும்பத் திரும்ப நடந்தது. இதை நம் தமிழ் எழுத்து எப்படிப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். நான் பல்கலைக்கழகம் போனவன் இல்லை. பாத்திர வியாபாரி. பேரேடு எழுதிப் பழகிய கையால் நூல்களையும் படித்திருக்கிறேன். ஆகவே என் விமர்சனத்தில் கொஞ்சம் கடைவாடை அடிக்கும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நடந்த வரலாறு

முதலில் சுருக்கமாக வரலாறு. இளையவர்கள் பலருக்கு இது கேள்விப்படாத சங்கதி.

எண்பதுகளில் ஈழத்தில் பல இயக்கங்கள் இருந்தன. புலிகள், டெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் என்பவை முக்கியமானவை. எல்லாருக்கும் தமிழகத்தில் இடமிருந்தது. தில்லியின் ஆதரவும் இருந்தது. 1986 மே மாதம் புலிகள் டெலோவைத் தாக்கி அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். மீது பாய்ந்தார்கள். பிழைத்தவர்களுக்குச் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாத நிலை. பின்னால் நடந்ததற்கெல்லாம் வித்து இங்கே விழுந்தது.

1987 ஜூலை 29-இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம். அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. துரத்தப்பட்ட இயக்கங்கள் அமைதிப்படையோடு திரும்பி வந்தன. 1988 நவம்பரில் வடக்கு - கிழக்கு மாகாண சபைத் தேர்தல், டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். கட்சியின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். இந்தியப் படை கிளம்பப் போகிறது என்று தெரிந்ததும், 1989-இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை இந்தியாவின் துணையோடு உண்டாக்கினார்கள். ஆள் போதவில்லை. தெருவிலும் பஸ்ஸிலும் பையன்களைப் பிடித்துக் கொண்டுபோய்த் துப்பாக்கி கொடுத்தார்கள். சில வாரப் பயிற்சி. இந்தியப் படை ஒவ்வொரு மாவட்டமாக விலக விலக, அந்தப் பையன்கள் புலிகளின் கையில் சிக்கினார்கள். பலர் சரணடைந்த பிறகும் பிழைக்கவில்லை. 1990 மார்ச் 24-இல் கடைசி இந்திய வீரர் கப்பலேறினார். ஜூன் 19-இல் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இன்னொரு விசித்திரம் இதனூடே நடந்தது. 1989-இல் பிரேமதாசா அரசு புலிகளோடு பேச்சு நடத்திக்கொண்டே அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தது. இந்தியப் படையையும் அது வளர்த்த தமிழ்ப் படையையும் எதிர்ப்பதற்காக! பின்னாளில் இது வெளிப்பட்டுப் பெரிய பேச்சாயிற்று. ஆக, அரசாங்கத்தின் துப்பாக்கியைத் தொட்டவன் துரோகி என்றால், அந்த ஓராண்டுக் கணக்கில் யார் பெயரைத்தான் விடுவது?

1990 ஜூனில் புலிகளுக்கும் கொழும்புக்கும் மறுபடி போர். இப்போது மற்ற இயக்கங்கள் கொழும்பின் பக்கம் சேர்ந்தன. வவுனியாவில் புளொட். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. 1994 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெரும்பகுதி புலிகள் வசம் இருந்தபடியால், வாக்குப்பதிவு பெரும்பாலும் தீவுப்பகுதியோடு நின்றுபோனது. ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழு 11,000-க்கும் குறைவான வாக்குகளில் 9 இடங்களைப் பெற்றது. லட்சக்கணக்கான வாக்காளர் உள்ள மாவட்டம் அது.

கடைசி அத்தியாயம் கிழக்கில். 2004 மார்ச்சில் கருணா புலிகளிடமிருந்து பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொன்றார்கள். பிரிந்தவர்கள் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற பெயரில் கட்சி கட்டி அரசுப் படைக்குப் பக்கபலமாக நின்றார்கள். 2007 ஜூலையில் கிழக்கு முழுவதும் அரசின் கைக்கு வந்தது. 2008 மே மாதம் அந்தக் கட்சியின் பிள்ளையான் கிழக்கு மாகாண முதலமைச்சர். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு உடன்படிக்கை: கட்சியும், இலங்கை அரசும், யுனிசெஃப் நிறுவனமும் கையெழுத்திட்டன. பொருள், கட்சியின் படையிலுள்ள சிறுவர்களை விடுவிப்பது. ஒரு மாகாணத்தை ஆளும் கட்சி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது!

2. ஆறில் இது எது?

இனி நம் பழைய அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

மூலப்படை இல்லை என்பது வெளிப்படை. சம்பளமும் அரிசியும் அரசாங்கத்தின் வழி வந்தவரை கூலிப்படை என்னலாம். ஆனால் கூலிப்படைக்குத் தேர்தல் சின்னம் கிடையாது. தெருவில் பிடித்த பையன்களை நாட்டுப்படை என்னலாமா? நாட்டார் மனமொப்பித் தந்தால்தானே நாட்டுப்படை? ஊரும் சந்துபொந்தும் தெரிந்தவர்கள், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் என்ற வகையில் காட்டுப்படையின் வேலையை இவர்கள் செய்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களை ஆம், இல்லை என்று தலையசைத்துக் காட்டிக்கொடுப்பவனுக்கு யாழ்ப்பாணத்தார் 'தலையாட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். துணைப்படை என்பது கௌரவமான பெயர். ஆனால் துணைப்படைக்குப் பின்னால் தனக்கென நாடுள்ள அரசன் ஒருவன் இருக்க வேண்டும்.

மிஞ்சுவது பகைப்படை. நேற்றுவரை அரசோடு போரிட்டவன் இன்று அரசோடு நிற்பது. இதைப் பற்றிக் கௌடில்யர் மிகக் கறாராகப் பேசுகிறார். நாயும் பன்றியும் சண்டை போட்டால் எது செத்தாலும் பார்த்திருப்பவனுக்கு ஆதாயம் என்கிற கணக்கில்தான் பகைப்படையை இன்னொரு பகைவன்மேல் ஏவ வேண்டும் என்கிறார். பகைப்படையும் காட்டுப்படையும் கொள்ளையை எதிர்பார்த்து வருபவை. கொள்ளை கிடைக்காவிட்டாலோ, அரசனுக்கு இடுக்கண் வந்தாலோ அவை வீட்டுக்குள் இருக்கும் பாம்புக்குச் சமம் என்றும் எச்சரிக்கிறார். பிரேமதாசா அரசு புலிகளுக்குக் கொடுத்த துப்பாக்கி ஓராண்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மேலே பார்த்தோம்.

ஆனால் இந்த ஆறு வகையிலும் அடங்காத ஒன்று பாக்கி இருக்கிறது. கட்சி என்பது மக்களின் வாயாகப் பேச வந்தது. மகன் காணாமற்போனால் தாய் போய்ச் சொல்வது கட்சிக்காரரிடம். அந்தக் கட்சிக்காரர் கையிலேயே துப்பாக்கி இருந்து, மகனைக் கொண்டுபோனவர்களும் அவர்களே என்று ஊர் பேசினால், அந்தத் தாய் எங்கே போவாள்? மன்னராட்சிக் காலத்து நூல்களில் இதற்கு இடமில்லை. இதை ஏழாவது படை என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். பெயர் வைக்கத் தெரியவில்லை.

ஈழத்துக்கு மட்டும் உரிய நோய் என்றும் இதைத் தள்ளிவிடக் கூடாது. காஷ்மீரில் தொண்ணூறுகளில் அரசின் பக்கம் வந்த இக்வான் படையின் கூக்கா பர்ரே கட்சி தொடங்கி 1996-இல் சட்டமன்றம் போனார், 2003-இல் கொல்லப்பட்டார். லெபனானில் நாடாளுமன்ற உறுப்பினரும் மந்திரிகளும் உள்ள ஹிஸ்புல்லா கட்சி, 2013 முதல் சிரியா அரசின் பக்கம் நின்று அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வெளிப்படையாகச் சண்டை செய்தது. 2024 டிசம்பரில் அந்த அரசு விழுந்தது. அங்கே கட்சிக்குச் சொந்த நிலமும் சொந்த பலமும் இருந்தன. நம் ஈழத்துக் கட்சிகளுக்கு அந்த வசதியும் இல்லை. அரசு கையை எடுத்தால் மறுநாள் உயிர் இல்லை.

3. ஒற்றைப் பற்று

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். இவ்வளவு சிக்கலான விஷயத்துக்கு நம் எழுத்தும் மேடையும் வைத்திருந்த சொற்கள் இரண்டே: துரோகி, ஒட்டுக்குழு.

துரோகி என்ற சொல்லை நான் முற்றும் மறுக்கவில்லை. படை பகைவனால் விலைபோவதை வள்ளுவரே பெரும் குற்றமாகச் சொல்கிறார். தன் ஊர்ப் பிள்ளையைத் தலையாட்டிக் கொடுத்தவனை வேறெப்படி அழைப்பது? ஆனால் அந்தச் சொல் வந்த இடத்தில் விசாரணை நின்றுவிடுகிறது. இவன் ஏன் அங்கே போனான்? 1986-இல் இவன் தோழர்களைக் கொன்றது யார்? இவனுக்குத் துப்பாக்கி கொடுத்தது யார்? இந்தக் கேள்விகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது.

ஒட்டுக்குழு என்ற சொல் இன்னும் சாமர்த்தியமானது. ஒட்டிக்கொண்டவனைக் காட்டுகிறது; ஒட்டவைத்தவனை மறைக்கிறது. வியாபாரப் பாஷையில் சொன்னால் இது ஒற்றைப் பற்று. ஒருவன் பேரில் பற்று எழுதினால் இன்னொருவன் பேரில் வரவு விழ வேண்டாமா? ஐந்தொகை எப்படிச் சரிவரும்?

எங்கள் சமண மரபில் கொல்லாமையைப் பேசும்போது மூன்றாகப் பிரிப்பார்கள்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். கையால் செய்தவனோடு, செய்யச் சொன்னவனுக்கும், நல்லது என்று தலையசைத்தவனுக்கும் வினை ஒட்டும். இது பள்ளியில் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுக்கிற விஷயம். இதை வைத்துப் பார்த்தால் நம் துரோகி இலக்கியத்தின் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. அது செய்தவனோடு நின்றுவிடுகிறது.

செய்வித்தவர் யார் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2002 பிப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையே சாட்சி. தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களை இலங்கை அரசு 30 நாளில் ஆயுதம் களைய வேண்டும். அவற்றிலுள்ள தனிநபர்கள் விரும்பினால் அரசுப் படையில் சேர்த்து, வடக்கு கிழக்குக்கு வெளியே பணி தர அரசு முன்வரும் என்பது அதிலுள்ள ஒரு விதி. கொடுத்தவன்தானே திரும்ப வாங்க முடியும்? அரசு கையெழுத்திட்ட இந்த ஒரு விதி, பத்து ஆண்டு மேடைப்பேச்சு சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

1989-ஐப் பொறுத்தவரை செய்வித்தவர் பட்டியலில் தில்லியும் வரும். நம் சங்க மலர்களில் அமைதிப்படையைப் பற்றிய கட்டுரை வந்தால், ஒன்று வீர வணக்கம், இல்லையென்றால் வசை. தான் கிளம்பும்போது பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைத் துப்பாக்கியோடு தனியே நிறுத்திவிட்டுப் போன அந்த முடிவைப் பற்றிப் பேச்சே காணோம்.

இந்த இடத்தில் மறுதரப்பின் வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "எங்களைக் கொல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்கிறீர்களா?" என்று அவர்கள் கேட்டார்கள். வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. பத்மநாபாவுக்கு நேர்ந்ததை நாம் பார்த்தோம். ஆனால் தற்காப்புக்கு ஏந்திய துப்பாக்கி தீவுப்பகுதியில் வாக்குக் கேட்டது. மட்டக்களப்பில் பிள்ளை பிடித்தது. தற்காப்பு என்ற வாதம் அதுவரைக்கும் நீளாது.

4. மூன்று நூல்கள்

விதிவிலக்கான நூல்கள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கோவிந்தன் என்ற புனைபெயரில் 1985-இல் வந்த 'புதியதோர் உலகம்' நாவல். விடுதலை இயக்கம் ஒன்று தன் முகாமுக்குள் தன் உறுப்பினர்களையே வதைத்ததைச் சொல்வது. புளொட் இயக்கத்தை விட்டு வெளியேறியவர் எழுதியது. அரசோடு கூட்டு என்ற பேச்சே எழாத காலம் அது. கெடுதல் கொழும்புப் பணத்தோடு வந்ததல்ல, கேள்வி கேட்பவனைக் கொல்லலாம் என்று ஓர் இயக்கம் தீர்மானித்த நாளிலேயே வந்தது என்பதை இந்த நாவல் முன்கூட்டியே காட்டிவிட்டது. நடை கொஞ்சம் கரடுமுரடு. கூட்ட விவாதங்கள் பக்கம் பக்கமாக வரும். இருந்தாலும் இந்தப் பொருளில் படிக்க வேண்டிய முதல் நூல் என்று இதையே சொல்வேன்.

இரண்டாவது, 'முறிந்த பனை'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் நால்வர் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் வந்தது. அரசுப் படை, அமைதிப்படை, புலிகள், அமைதிப்படையோடு வந்தவர்கள் என்று எல்லாருடைய பற்றும் வரவும் ஒரே பேரேட்டில் ஏறியிருக்கிறது. ஆசிரியர் நால்வரும் சொந்தப் பெயரில் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டு இறந்தார். கணக்கைச் சரியாக எழுதியதற்கு இப்படியும் விலை கேட்பார்கள். நூல் எண்பதுகளோடு நின்றுவிடுவதால் அதற்குப் பிந்திய கதைக்கு வேறிடம் தேட வேண்டும்.

மூன்றாவது, சி. புஸ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்', 2003-இல் வந்தது. ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தில் இருந்தவர் எழுதியது. துரோகி என்று ஒரே சொல்லில் அடைத்து வைத்தவர்களும் ஒரு காலத்தில் கனவோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய பையன்கள்தான் என்று இந்நூல் உணர்த்துகிறது. அது அதன் பெருமை. குறை என்னவென்றால், சாட்சி சொல்பவரின் கண் இயக்கக்காரரின் கண். தெருவில் பிடிபட்டவனுக்கு இயக்கம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அந்தக் கண்ணால் காண முடியாது.

இவற்றோடு ஒரு பழங்காப்பியத்தையும் நினைக்கிறேன். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் அரசை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப்புரத்தில் தங்கிவிடுகிறான். வேண்டாம் என்று சொன்ன அமைச்சர் பேச்சு ஏறவில்லை. ஒப்படைத்த படையே திரும்பி அவனை முற்றுகையிடுகிறது. கட்டியங்காரன் துரோகி, சந்தேகமே இல்லை. ஆனால் திருத்தக்க தேவர் அத்தோடு விடுவதில்லை. ஒப்படைத்தவன் செய்த பிழையையும் கதையின் தொடக்கத்திலேயே நிறுத்தி வைக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய புலவருக்குத் தெரிந்த நியாயம் நம் காலத்து மேடைக்குத் தெரியாமல் போனது வருத்தமே.

நம் தில்லியிலேயே ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகள் என்று வைத்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி ஏந்திய ஏழைப் பையனைக் கடிந்துகொள்வதைவிட, அதை அவன் கையில் திணித்த அரசைக் கேள்வி கேட்பதிலேயே அந்தத் தீர்ப்பு கவனம் வைத்தது. செய்வித்தலை விசாரிப்பது என்றால் இதுதான்.

5. எழுதப்படாத பக்கம்

1989-இல் பிடிக்கப்பட்ட பையன்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? புலிகளின் மாவீரர் பட்டியலில் இருக்க வழியில்லை. இந்தியா கேட் பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இலங்கையில் இறந்த நம் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்கள் நம் வீரர்களாகவும் எண்ணப்படவில்லை. கட்சி ஆண்டுதோறும் ஜூன் 19-இல் தியாகிகள் தினம் வைக்கிறது. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன பையன் அந்தக் கட்சியின் தியாகிதானா என்று அவன் தாயைத்தான் கேட்க வேண்டும்.

மட்டக்களப்புப் பக்கம் 1989-இல் பிள்ளை பிடித்தார்கள். புலிகளும் பிடித்தார்கள். 2006-இல் பிரிந்து வந்தவர்களும் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கொடியும் கூட்டாளியும் மாறியிருந்தார்கள். பிள்ளையைக் கொடுத்த வீடுகள் பெரும்பாலும் ஏழை வீடுகள்.

அந்த வீடுகளிலிருந்து கேட்டு எழுதிய நூல் தமிழில் வேண்டும். தலைவர்களின் சாட்சியம் ஓரளவு வந்தாயிற்று. தாய்மாரின் சாட்சியம் வர வேண்டும். எந்தக் கட்சிப் படை எந்த அரசோடு நின்றது என்று தேதிவாரியாக எழுதி, செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன் என்று மூன்று பத்தியாகப் பெயர் குறித்தால் போதும். வர்ணனை ஏதும் வேண்டாம். சாட்சி சொல்லக்கூடிய பெற்றோருக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகியிருக்கும். எழுதுகிற கை இருப்பவர்கள் சீக்கிரம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். நூல் வந்தால் நம் சங்க நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கி வைப்போம். தில்லித் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கட்டும்.